‘இஸ்’ஸுக்கு வந்த கிரீடம்

ஊஞ்சக்கொட்டாய் மாரியம்மன் நடுவில் பல வருஷம் கோவிலை விட்டு வெளியே வரவில்லை. அம்மனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. திருவிழாவில் முதல் பரிவட்டத்தை யார் தலையில் கட்டுவது என்று ராஜப்பன் வீட்டாருக்கும் மண்டிக்காரர் மாது வீட்டாருக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை தேர் ஷெட்டிலேயே கிடந்தது. அதில் கோழிகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. கடைசியில் ராஜப்பன் ஜெயித்தார். அன்று அவர் தலையில் கட்டிய சிவப்புப் பட்டுத் துண்டை இன்றைக்கும் பீரோவில் நிலப் பத்திரங்களுக்கு மேலே வைத்திருக்கிறார். பத்திரம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் துண்டைக் கும்பிட வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஷகிலா டீச்சர் மூன்றாம் வகுப்புக்கு ஒரு காகிதக் கிரீடம் செய்தார்.

செய்யும்போது அவருக்கு வழக்கும் தெரியாது, கோழியும் தெரியாது. பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி மாரண்டஹள்ளியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருகிறவர் அவர். சாயங்காலம் அதே வழியில் திரும்பிவிடுவார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் போன வருஷ ஆண்டு விழாதான்.

அந்த விழாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றார்கள். அட்டையில் ஆங்கிலப் பொன்மொழிகள். தர்மபுரியில் கம்ப்யூட்டரில் அடித்து, லேமினேஷன் போட்டு, ஓரத்தில் பூ வைத்தது. ஊரே கைதட்டியது. தலைமையாசிரியர் சின்னராஜ் மைக்கைப் பிடித்து, “நமது பள்ளி அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டது” என்று அறிவித்தார். ஒரு பையன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். ஷகிலாவைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. அட்டையைப் பிடித்திருந்தவனும் கவனிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அடுத்த விழாவில் என் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தையாவது தாங்களே மேடையில் செய்து காட்ட வேண்டும். கையிலிருக்கும் அட்டையை யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும் செய்து காட்ட வேண்டும்.

சொல்வது சுலபம். பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். தமிழில் ஒரு ‘அ’ எங்கே நின்றாலும் அதே ‘அ’தான். ஆங்கிலத்தில் எழுத்துக்குப் பெரியது சின்னது என்று இரண்டு வடிவம் இருக்கிறதென்று தெரிந்ததும், பிடித்த எழுத்தையெல்லாம் பெரியதாகவும் பிடிக்காததைச் சின்னதாகவும் எழுதினார்கள். வாக்கியம் எங்கே முடிகிறது என்ற கவலை யாருக்கும் இல்லை. பக்கம் தீர்ந்தால் வாக்கியமும் தீர்ந்தது.

“இங்கிலீஷ்ல மட்டும் ஏன் டீச்சர் ஒரே எழுத்து ரெண்டு மாதிரி இருக்குது?” என்று ஒரு நாள் அன்பரசி கேட்டாள்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் முதசிர் பதில் சொன்னான். “அதுங்களுக்கு ரெண்டு டிரெஸ்ஸு. வூட்ல போடறது ஒண்ணு, விசேஷத்துக்குப் போடறது ஒண்ணு.”

பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் ஏசி இல்லாத ஹாலில் உட்கார்ந்து கேட்டதைவிட இது தெளிவாக இருந்தது ஷகிலாவுக்கு. மறுநாள் கேக் பெட்டியின் தங்க நிற அட்டையை வெட்டி ஒரு கிரீடம் செய்துகொண்டு வந்தார்.

பாடம் இப்படி. பிள்ளைகளே வார்த்தைகள். ராஜப்பனின் பேரன் ரஞ்சித்குமார்தான் ‘ரெயின்’. அன்பரசி ‘இஸ்’. முதசிர் ‘கமிங்’. மூவரும் வரிசையாக நின்றால் ‘ரெயின் இஸ் கமிங்’, மழை வருகிறது. முன்னால் நிற்கிற வார்த்தை தலையில் கிரீடம் வைத்துக்கொள்ளும். அதாவது அதன் முதல் எழுத்து பெரிய எழுத்து. மற்ற வார்த்தைகள் வெறும் தலையோடு நிற்கும்.

கடைசியில் முற்றுப்புள்ளி நிற்க வேண்டும். அதற்கு யாரும் வரவில்லை. கடைசியில் நிற்பது எந்த ஊரிலும் பெருமை இல்லை. ஹீனாதான் எழுந்தாள்.

“நான் நிக்கறேன் டீச்சர். நான் வர்ற வரைக்கும் இதுங்க மூணும் நின்னுகிட்டே இருக்கணும்தானே?”

“ஆமாம்.”

“அப்ப எனக்கு அதான் வேணும்.”

ஹீனாவின் அப்பா ஜாவீத் மொபெட்டில் பாத்திரம் விற்கிறவர். மறுநாள் அவள் அப்பாவின் சரக்கிலிருந்து கருப்பாக, வட்டமாக ஒரு சின்ன தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாக்கியம் முடிந்ததும் அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்து நிற்பாள். அதைவிட உறுதியான முற்றுப்புள்ளியை ஷகிலா பார்த்ததில்லை.

அதன்பிறகுதான் முக்கியமான பகுதி. அன்பரசி இரண்டு எட்டு முன்னால் வருவாள், ரஞ்சித்குமார் அவளுக்குப் பின்னால் போவான். இப்போது ‘இஸ் ரெயின் கமிங்’, மழை வருகிறதா? ஹீனா தோசைக்கல்லுக்கு மேலே அரிவாள் போல வளைந்த ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தால் அது கேள்விக்குறி. ரஞ்சித்குமார் தலையிலிருந்த கிரீடத்தை எடுத்து அன்பரசி தலையில் வைக்க வேண்டும். நடுவில் போனவனுக்கு இனி சின்ன எழுத்துதான்.

கிரீடம் தப்பான தலையில் இருந்தால் தரையில் உட்கார்ந்திருக்கும் மற்ற பிள்ளைகள் “தப்பு!” என்று கத்தலாம். சரியாக இருந்தால் “ரைட்டு!” வகுப்பில் கத்துவதற்கு அனுமதி கிடைத்த ஒரே பாடம் இதுதான் என்பதால் பிள்ளைகள் இதை உயிராக நேசித்தார்கள். வார்த்தைகள் மாறின, தலைகள் மாறின, கிரீடம் ஒரு நாளைக்கு எத்தனையோ கை மாறியது. கொஞ்ச நாளில் நோட்டிலும் அது தெரிந்தது. வரியின் முதல் எழுத்து மட்டும் நிமிர்ந்து நின்றது. கடைசியில் புள்ளி. அன்பரசி வைக்கிற புள்ளியில் தாளே ஓட்டையாகிவிடும். ஆனால் ஒரு வாக்கியத்துக்குக்கூட வைக்காமல் விடமாட்டாள்.

ஷகிலா நிம்மதியாகப் பஸ் ஏறிக்கொண்டிருந்தது அதுவரைக்கும்தான்.

ஒரு ராத்திரி சாப்பாட்டு வேளையில் ரஞ்சித்குமார் வீட்டில் சொன்னான். “தாத்தா, ஸ்கூல்ல எனக்குக் கிரீடம் வெச்சாங்க.”

ராஜப்பன் களி உருண்டையைத் தட்டில் திரும்ப வைத்தார். “யார் யாருக்கு வெச்சாங்க?”

“மொதல்ல எனக்குத்தான்.”

அந்த ‘மொதல்ல’வுக்கு அப்புறம் பேரன் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை.

மறுநாள் காலை ராஜப்பன் காரில் பள்ளிக்கு வந்தார். அவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் பள்ளியில் கேட்கும். இருந்தாலும் மரியாதை விஷயத்துக்கு நடந்து வருவது முறையல்ல. சின்னராஜ் சார் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, நிற்பதற்கு ஒரு நல்ல இடம் தேடினார்.

“டீச்சரு எங்க?” என்றார் ராஜப்பன். ஷகிலா வந்ததும் எழுந்து கும்பிட்டார். “வெளியூர்க்காரங்கன்னு நெனைச்சேன். நம்ம ஊரு மொறை தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. மொதல் மரியாதை எந்த வூட்டுக்குன்னு யாரும் சொல்லிக் குடுக்காமயே செஞ்சிருக்கீங்களே!”

“மொறைன்னு ஒண்ணும் இல்லீங்க. ரெயின் முன்னால நிக்குது. அதனால கிரீடம் வெச்சோம்.”

“அதானுங்க! மழை முன்னால நிக்காம வேற எது நிக்கும் இந்தச் சீமையில? அந்த மழை எங்க வூட்டுப் பையன்!” அவர் கண் கலங்கியது. “கேக்குப் பொட்டி அட்டையாமே? அதெல்லாம் வேணாங்க. ஆண்டு விழாவுக்குக் கூத்துக்காரங்ககிட்டச் சொல்லி ராசா கிரீடமே வாங்கியாரேன். கண்ணாடி வெச்சது. பந்தலும் என்னுது, மைக் செட்டும் என்னுது.”

“ஐயா மனசு யாருக்கு வரும்!” என்றார் சின்னராஜ் சார்.

செய்தி ஊருக்குள் போனது. அந்த வாரம் முழுக்கப் பெற்றோர்கள் வந்தார்கள். வருஷம் பூராவும் ஒரு கூட்டத்துக்கும் வராதவர்கள். மாது தன் அண்ணன் மகன் வயிற்றுப் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்து, “எங்க புள்ளைக்கு எப்பங்க கிரீடம்?” என்று கேட்டார். அவள் முதலாம் வகுப்பு. ஜாவீத் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்து, “மேடம், எம் பொண்ணை ஏன் கடைசியில நிறுத்தியிருக்கீங்க? பாத்திரக்காரன் புள்ளைன்னா?” என்றார். பின்னாலேயே ஹீனா ஓடிவந்து, “வாப்பா, நீங்க போங்க. நான் இல்லைன்னா இதுங்களுக்கு முடிக்கவே தெரியாது” என்று அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சின்னராஜ் சாருக்கு ஊரில் எல்லோரும் வேண்டும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். “பேசாம எல்லாருக்கும் ஒரு கிரீடம் வெச்சுடலாமே மேடம்? ஒரு மனவருத்தம் இல்லாம போயிடும்.”

“எல்லாருக்கும் வெச்சா அது வாக்கியமா இருக்காது சார். காதுகுத்து பேனர் மாதிரி இருக்கும்.”

ஊருக்குள் நுழைகிற இடத்திலேயே அப்படி ஒரு பேனர் நின்றது. அதில் மாமன்மார் எல்லோருடைய பெயரும் ஒரே அளவுப் பெரிய எழுத்தில் இருந்தது. குழந்தையின் பெயரைத்தான் தேட வேண்டியிருந்தது.

ராஜப்பன் ஒத்திகை பார்க்க ஒரு நாள் வந்தார். முதல் வாக்கியம் முடிந்ததும் கைதட்டினார். கை இன்னும் ஒட்டியிருக்கும்போதே அன்பரசி முன்னால் வந்தாள். ரஞ்சித்குமார் சிரித்துக்கொண்டே கிரீடத்தை எடுத்து அவள் தலையில் வைத்தான்.

“நில்லு! நில்லுடா! என்னா பண்றே?”

“இப்ப நான் நடுவுல தாத்தா. இவதான் முன்னால.”

ராஜப்பன் டீச்சரைப் பார்த்தார். “இது யாருங்க?”

“இவ ‘இஸ்’ங்க.”

“அதைக் கேக்கலைங்க. இது நம்ம தோட்டத்துல தக்காளி கட்டற கோவிந்தம்மா புள்ளைதானே?”

“ஆமாங்க. நல்லா எழுதுவா.”

ராஜப்பன் அதற்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை. பெரிய மனிதர்கள் சாதாரணமாக அந்தப் பக்கம் நேராகப் போகமாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். “சரி, இஸ்ஸுன்னா என்னா அர்த்தம்?”

“தனியா அர்த்தம்னு ஒண்ணும் இல்லீங்க.”

“அர்த்தமே இல்லாததுக்குக் கிரீடமா!”

“முன்னால வந்துட்டா வெச்சுத்தான் ஆகணுங்க.”

“எலெக்‌ஷன் மாதிரி பேசறீங்களே டீச்சரு.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேணும்னா அதுக்குத் தனியா ஒரு கிரீடம் நானே வாங்கித் தர்றேன். சின்னதா. ஆனா எம் பேரன் தலையில இருக்கறதை எறக்கக்கூடாது. நாலு பேரு முன்னால தலையில வெச்சதை எறக்கறதுன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியாது. அதுக்காக எங்கப்பா கோர்ட்டுப் படியிலயே தலை நரைச்சவரு.”

“ஒரு வாக்கியத்துக்கு ஒரு கிரீடந்தாங்க.”

“அப்ப ரெண்டாவதுலயும் எங்க பையனே இஸ்ஸா இருக்கட்டும்!”

“அப்ப மழை யாருங்க?”

ராஜப்பனுக்கு மழையையும் விட மனசு வரவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். ஆனால் போகும்போது சின்னராஜ் சாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சார் திரும்பி நடந்து வந்தார்.

வந்ததும் ஷகிலாவை அழைத்தார். “மேடம், ஒரு வாக்கியம் போதும். நல்லா இருக்குது, நாகரிகமா இருக்குது. ரெண்டாவது எதுக்கு? ஆண்டு விழாவுல வந்து கேள்வி கேக்கறது நல்லாவா இருக்கும்?”

“ரெண்டும் வேணும் சார்.”

“பந்தல் அவருது. மைக் அவருது. கரண்ட் போனா ஜெனரேட்டரும் அவருது.”

“வாக்கியம் புள்ளைங்களுது சார். முதல் வாக்கியத்தோட நிறுத்தினா, கிரீடம் ரஞ்சித் தலையிலயே முளைச்சதுன்னு நெனைச்சுக்குவாங்க. போன வருஷம் அட்டை பிடிச்ச மாதிரிதான் இதுவும். அதுக்கு நான் இத்தனை நாள் மெனக்கெட வேணாம்.”

“அப்ப நான் ஒண்ணு சொல்லிடறேன். முதல் வாக்கியம் முடிஞ்ச நிமிஷம் மைக்குல அடுத்த நிகழ்ச்சியை அறிவிச்சிடுவேன்.”

“அறிவிங்க சார்” என்றார் ஷகிலா. போய் ஒத்திகையைத் தொடர்ந்தார். அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கிரீடமே கொடுக்கவில்லை. கிரீடம் இருப்பதாக நினைத்துக்கொண்டு எடுத்து வைக்கச் சொன்னார். எடுத்து வைத்தார்கள். வெறுங்கை தப்பான தலைக்குப் போனபோதும் வகுப்பு “தப்பு!” என்று கத்தியது. அவருக்குப் போதும் என்று தோன்றியது.

விழா நாள் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் இடமில்லை. அழைப்பிதழில் ‘தலைமை: கல்விக் காவலர் ராஜப்பன், முன்னிலை: ராஜப்பன், சிறப்புரை: ராஜப்பன்’ என்று போட்டிருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பொன்னாடை போர்த்தினார் சின்னராஜ் சார். பத்துக்கு மேற்பட்ட நடனங்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் பக்கத்து மாந்தோப்பில் ஒரு கிளிகூட இல்லை. நடுவே, ‘மூன்றாம் வகுப்பு: வாக்கியம்’ என்று ஒரு வரி.

மேடைக்குப் பின்னால் ராஜப்பன் பேரனுக்குத் தன் கையாலேயே கிரீடம் சூட்டினார். கூத்துக் கிரீடம் சாமானியமில்லை. இரண்டு பக்கமும் சிறகு, உச்சியில் கலசம், உடம்பெல்லாம் கண்ணாடித் துண்டு. எட்டு வயசுத் தலைக்கு அது ஒரு கோபுரம். விழாமல் இருக்க, தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டுகிற சிவப்பு நைலான் கயிற்றால் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார். ஆடி மாசக் காற்றுக்கும் அவிழாத முடிச்சு. கட்டிவிட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

“தாத்தா, இறுக்கமா இருக்குது. எடுக்க வராதே.”

“எடுக்கத் தேவையில்லைடா கண்ணு.”

மேடையில் நால்வரும் நின்றார்கள். ரஞ்சித்குமார் “ரெயின்!” என்றான். அன்பரசி “இஸ்!” என்றாள். முதசிர் “கமிங்!” என்று ஸ்பீக்கர் கிழியக் கத்தினான். ஹீனா நிதானமாக நடந்து வந்து, கடைசியில் நின்று, தோசைக்கல்லைத் தூக்கிப் பிடித்தாள். முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்பு “ரைட்டு!” என்றது. கைதட்டல். கிரீடத்தின் கண்ணாடியில் ட்யூப்லைட் பட்டு ராஜப்பன் முகத்தில் ஒளி விழுந்தது.

“அருமை, அருமை! அடுத்ததாக ஐந்தாம் வகுப்பு மாணவிகளின்...” என்று சின்னராஜ் சார் ஆரம்பித்தார்.

ஷகிலா மேடையேறி, அவர் கையிலிருந்த மைக்கை மரியாதையாக வாங்கிக்கொண்டார். மரியாதையாக, ஆனால் வாங்கிக்கொண்டார். “மன்னிக்கணும் சார். இன்னும் முடியலைங்க.”

அன்பரசி இரண்டு எட்டு முன்னால் வைத்தாள். ரஞ்சித்குமார் அவளுக்குப் பின்னால் போனான். ஹீனா வளைந்த அட்டையைத் தோசைக்கல்லுக்கு மேல் உயர்த்தினாள். ரஞ்சித்குமார் இரண்டு கையையும் தூக்கிக் கிரீடத்தைப் பிடித்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். கூடவே தாடையும் மேலே போனது.

முன்வரிசையில் ராஜப்பன் உள்ளங்கையைக் கீழே காட்டி ‘விடு, விடு’ என்று ஜாடை செய்தார்.

ரஞ்சித்குமார் கையை இறக்கினான். கிரீடம் வாக்கியத்தின் நடுவில் ஜொலித்துக்கொண்டு நின்றது.

“தப்பு!” என்றது மூன்றாம் வகுப்பு.

யாரும் சொல்லிக்கொடுத்துக் கத்தவில்லை. தப்பைப் பார்த்தார்கள், கத்தினார்கள். “தப்பு! தப்பு! ரெயினு தப்பு!” பின்னால் இருந்த நான்காம் வகுப்புக்கு விஷயம் தெரியாது. ஆனால் கத்தலாம் என்று தெரிந்ததும் அதுவும் சேர்ந்துகொண்டது. மாது தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம், “யாரைத் தப்புன்னு சொல்றாங்கோ? ராஜப்பன் பேரனையா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியமாகக் கேட்டார்.

முதசிர் பல்லைக் கடித்துக்கொண்டு, “டேய் ரெயினு, எறக்குடா! மானம் போவுது” என்றான்.

“வரலைடா!” ரஞ்சித்குமாருக்கு அழுகை வந்துவிட்டது. “தாத்தா! தப்புன்னு கத்தறாங்க தாத்தா! எனக்குத் தெரியும் தாத்தா, நான் தப்பில்லை!”

ஷகிலா முடிச்சில் கையை வைத்தார். நகம்தான் உடைந்தது. கூட்டத்திலிருந்து கோவிந்தம்மாள் எழுந்தாள். “டீச்சருங்க, அது தக்காளி முடிச்சுங்க. நான் வந்து அவுக்கட்டுங்களா? தெனமும் போடறதுதான்.”

ராஜப்பனுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்தது. தன் தோட்டத்தில் கூலிக்குத் தக்காளி கட்டுகிறவள் மேடையேறுவாள். தன் பேரன் தலையிலிருந்து கிரீடத்தை அவிழ்ப்பாள். அவிழ்த்துத் தன் மகள் தலையில் வைப்பாள். மாது அதை நாற்காலியில் சாய்ந்தபடி பார்ப்பான். எந்தக் கோர்ட்டிலும் இதற்கு அப்பீல் கிடையாது.

“நீ உக்காரும்மா!” என்று எழுந்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது. அதை எடுக்கக்கூட நிற்காமல் மேடையேறினார். குனிந்து பேரனின் தாடைக்குக் கீழே முகத்தைக் கொண்டுபோய், தான் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். முடிச்சு நல்ல முடிச்சு. கொஞ்ச நேரம் பிடித்தது.

கிரீடம் கைக்கு வந்ததும் நிமிர்ந்தார். இப்போது அது அவர் கையில். அதை எங்கே வைப்பது என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை. தெரிந்தது, ஆனால் தெரியாத மாதிரி நின்றார்.

“அன்பு! அன்பு!” என்று கத்தியது மூன்றாம் வகுப்பு.

ரஞ்சித்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வேட்டியை இழுத்தான். “அவளுக்குத் தாத்தா. அவதான் முன்னால.”

வைத்தார். கிரீடம் அன்பரசியின் மூக்குவரை இறங்கியது. அவள் அதை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

தலையில் வைத்த கையோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது ராஜப்பனுக்கு அப்போதுதான் தோன்றியது. எது எப்படிப் போனாலும் கொடுத்தவர் அவர்தானே. மைக் இருந்த பக்கம் திரும்பி, “எங்க குடும்பம் என்னிக்கும் பொறத்தியாருக்கு மரியாதை குடுக்கத் தயங்கினதில்லை...” என்று ஆரம்பித்தார். அன்பரசிக்கும் ரஞ்சித்குமாருக்கும் நடுவில் வாகாக நின்று, அன்பரசி தோளில் ஒரு கை போட்டுக்கொண்டு, போட்டோக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

“தப்பு!” என்றது மூன்றாம் வகுப்பு.

ராஜப்பன் திடுக்கிட்டார். கிரீடம் சரியான தலையில்தானே இருக்கிறது? அன்பரசி தலையைப் பார்த்தார், பேரன் தலையைப் பார்த்தார், தன் தலையைக்கூட ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“தப்பு! தப்பு!”

ஹீனா தோசைக்கல்லையும் அட்டையையும் இறக்காமல், வரிசையின் கடைசியிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னாள். “தாத்தா, நீங்க இந்த வாக்கியத்துல இல்லீங்க.”

அவள் தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் மைக் ஷகிலா கையில் ஹீனாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ராஜப்பன் வாங்கிக்கொடுத்த மைக் செட், நல்ல தரமானது. ஊரின் கடைசி வீடுவரை கேட்டது.

முதலில் யார் சிரித்தார்கள் என்று பிறகு பலரும் விசாரித்தார்கள். மாது என்று சிலர் சொன்னார்கள். சின்னராஜ் சார் என்று சொல்கிறவர்களும் உண்டு. சார் அதை இன்றுவரை மறுத்துவருகிறார்.

ராஜப்பன் இறங்கினார். வேறு வழியில்லை. அவர் கடைசிப் படியில் கால் வைத்த பிறகுதான் பிள்ளைகள் ஆரம்பித்தார்கள்.

“இஸ்!” என்றாள் அன்பரசி, கிரீடத்துக்கு அடியிலிருந்து.

“ரெயின்” என்றான் ரஞ்சித்குமார். வெறும் தலையோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆனால் நேராக நின்று.

“கமிங்!”

ஹீனா கேள்விக்குறியை ஆகாயத்தைப் பார்க்க உயர்த்தினாள்.

“ரைட்டு!” மைதானம் முழுக்கக் கத்தியது. அர்த்தம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், மாந்தோப்பில் கிளிகள் இருந்திருந்தால் அவையும். கோவிந்தம்மாள் மட்டும் கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஷகிலா மைக்கைச் சின்னராஜ் சாரிடம் திருப்பிக் கொடுத்தார். “முடிஞ்சுதுங்க சார். இப்ப அறிவிங்க.”

ஐந்தாம் வகுப்பு நடனத்தின் நடுவே, மேடைக்குப் பக்கவாட்டில் கிரீடத்தைப் பையில் போட்டுக்கொண்டிருந்த ஷகிலாவிடம் ராஜப்பன் வந்தார். பொன்னாடையை யாரோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கக்கத்தில் சுருட்டி வைத்திருந்தார்.

“ஏம்மா டீச்சரு.”

“சொல்லுங்க.”

“மழை வருதான்னு கேட்டீங்க. வருதா இல்லையான்னு பதில் சொல்லவேயில்லையே?”

கேள்வியில் குத்தல் இருக்கிறதா என்று ஷகிலா பார்த்தார். இல்லை. மனிதர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

“அது மூணாவது வாக்கியங்க. ‘எஸ், ரெயின் இஸ் கமிங்’. அடுத்த வருஷம் செய்யலாம்னு இருக்கேன். அதுக்கு ‘எஸ்’னு ஒரு புள்ளை முன்னால வந்து நிக்கணுங்க.”

“கிரீடம்?”

“அதுக்குத்தாங்க.”

ராஜப்பன் மேடையைப் பார்த்தார். பிறகு மாது உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். மாதுவின் பேத்தி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் அது இரண்டாம் வகுப்புதான், மூன்றாவது இல்லை என்று அவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“செய்யுங்க” என்றார். கையிலிருந்த சிவப்புக் கயிற்றைச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “ஆனா கேக்குப் பொட்டி அட்டையிலயே செஞ்சுக்கங்க. இது பல்லுக்கு ஆவறதில்லை.”